ஆடுவது காலா, நிலமா?

மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படும் அறிக்கைகளையும் செய்திகளையும் தொடர்ந்து படித்து வருபவர் எவரும் ஒரு சொல்லிடமிருந்து தப்ப முடியாது. அது 'தயக்கம்' என்னும் சொல். மண்சரிவு அபாயமுள்ள லயத்தை விட்டு வெளியேறத் தொழிலாளர் தயக்கம் காட்டுகின்றனர். பிள்ளைகளை உயர்வகுப்பில் தொடர்ந்து படிக்கவைக்கப் பெற்றோர் தயக்கம் காட்டுகின்றனர். புதிய வேலைமுறையை ஏற்கத் தயக்கம் காட்டுகின்றனர். வைத்தியசாலைக்கு உரிய காலத்தில் வரத் தயக்கம் காட்டுகின்றனர். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை, மஸ்கெலியாவிலிருந்து தலவாக்கலை வரை, ஒரு சமுதாயம் முழுவதும் ஏதோ கண்காட்சிக் கூடத்தில் நின்று தயக்கத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பதாக அன்றோ இவ்வாக்கியங்கள் நம்மை எண்ணவைக்கின்றன!

இவ்வாக்கியங்களின் மூலத்தைத் தேடிச் சென்றால் ஆங்கிலத்தில் ஒரு சொல் இராது. பல சொற்கள் இருக்கும். ஹெசிடேட் என்பது ஒன்று, வேவர் என்பது மற்றொன்று, ஃபால்டர் வேறு, ஸ்டாகர் வேறு, டொட்டர் வேறு, வசிலேட் வேறு. மனம் முடிவுக்கு வராமல் நிற்பது, சுடர்போல் இப்பக்கமும் அப்பக்கமும் அசைவது, பேச்சோ நடையோ நடுவில் அறுபடுவது, பசியாலோ பாரத்தாலோ உடல் தள்ளாடுவது, முதுமையால் தடுமாறி நடப்பது, ஊசல்போல் இரு நிலைகளுக்கிடையே ஆடுவது ஆகிய இத்தனையையும் அம்மொழி பிரித்துச் சொல்கிறது. ஹெசிடேட் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் 'ஒட்டிக்கொள்ளுதல்' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல் கிடைக்கிறது. கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதே அதன் பழைய சித்திரம். தமிழாக்கம் செய்பவரின் மேசைக்கு வந்ததும் இவை யாவும் இரண்டே சொற்களாகச் சுருங்கிவிடுகின்றன. மனத்தைப் பற்றியதாயின் 'தயக்கம்', உடலைப் பற்றியதாயின் 'தடுமாற்றம்'. மூன்றாவது சொல்லைத் தேடுவதற்கு அவருக்கு நேரமில்லை. தேடும்படி கேட்பாரும் இல்லை.

தமிழில் சொல் இல்லை என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். அவர்களுக்கு மறுமொழி சொல்வது எளிது. தொல்காப்பியனார் உரியியலில் அலமரல், தெருமரல் என்னும் சொற்களை எடுத்துச் சுழற்சிப் பொருளில் வைத்துப் போனது நேற்றைய செய்தியன்று. துளங்கு, தளம்பு, தளர், தள்ளாடு, தடுக்கு, இடறு, சறுக்கு, கலங்கு, மயங்கு, திகை, மலை, கூசு, குழறு, திக்கு, திணறு, தத்தளி, அல்லாடு, அலைபாய், ஊசலாடு, பின்வாங்கு, இழுபறிப்படு, ஆடிப்போ என்று நாமே ஒரு மூச்சில் இருபதுக்கு மேல் அடுக்க முடியும். ஈழத்தவர் காலதாமதத்தைச் சுணக்கம் என்பர், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே வறுமை மொழியினுடையது அன்று. எடுத்துப் பார்க்காத கையினுடையது.

ஆயினும் இஃது வெறும் சோம்பலால் விளைந்த குற்றமாயின் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. 'தயக்கம்' என்ற சொல்லிற்கு ஓர் அரசியல் வசதி இருக்கிறது. அதை மாணவத் தோழர்கள் இலக்கண வழியாகவே கண்டுகொள்ளலாம். தமிழில் இவ்வகை வினைகள் பல இரட்டையாகப் பிறந்தவை. கலங்கு என்றால் கலக்கு உண்டு. மயங்கு என்றால் மயக்கு உண்டு. நடுங்கு என்றால் நடுக்கு உண்டு. ஆடு என்றால் ஆட்டு. அலை என்றால் அலைக்கழி. ஒருவன் கலங்கினான் என்று சொன்ன மாத்திரத்தில் கலக்கியவன் யார் என்ற கேள்வி வாக்கியத்தின் வாசலில் வந்து நிற்கும். தயங்கு என்னும் வினைக்கு மட்டும் இன்றைய வழக்கில் அந்த இணை இல்லை. ஒருவனைத் தயக்கினான் என்று யாரும் பேசுவதில்லை. தயக்கம் என்பது தயங்குகிறவனுக்குள்ளேயே பிறந்து அங்கேயே தங்கும் குணமாக, நோயாக, பரம்பரைக் குறையாக ஆகிவிடுகிறது. அதன்மேல் 'காட்டு' என்னும் துணைவினையையும் ஏற்றிவிட்டால் குற்றப்பத்திரிகை முழுமை பெறுகிறது. பழந்தமிழ்ப் புலவர் நீரும் திரையும் தழையும் அசைவதைத் தயங்குதல் என்றனர். காற்று வீசியது, தழை தயங்கியது, அவ்வளவே. தழையைக் குறை கூற எந்தப் புலவனுக்கும் தோன்றவில்லை.

இவ்விடத்தில் ருஷ்ய மொழியினரின் அனுபவத்தை நோக்குவது பயனுடையது. ஆங்கிலத்தின் இந்தச் சொற்கூட்டத்தை ருஷ்ய மொழிக்குக் கொண்டுசெல்பவர் முதலில் எதிர்ப்படுவது கலிபாத்ஸா என்னும் வினையை. ஊசல் ஆடுவதற்கும் சுடர் அசைவதற்கும் சந்தை விலை ஏறி இறங்குவதற்கும் மனிதன் முடிவெடுக்க முடியாமல் நிற்பதற்கும் அந்த ஒரே வினை போதும். இதுவும் நம் 'தயக்கம்' போன்ற அகலச் சொல்தானே என்று கேட்கலாம். ஆம், அகலச் சொல்தான். அதனாலேயே அங்கே மொழிபெயர்ப்பவர் அதோடு நின்றுவிடுவதில்லை. ஒரே ஒரு முறை, ஒரு கணம் மட்டும் அசைந்து போனதாயின் த்ரோக்னுத் என்பார். போர்முனையில் அணிகள் அசைந்தன என்பதற்கும் அதே சொல். கல்லில் கால் இடறினாலும் பேச்சில் நா இடறினாலும் ஸப்னூத்ஸா என்பார். கேட்டதற்கு விடை சொல்லக் கூசிக் காலை மாற்றி மாற்றி நிற்பவனை ம்யாத்ஸா என்பார். துணி கசங்குவதுபோல் ஆள் கசங்குகிறான் என்பது அதன் நேர்ப்பொருள். ஓர் அசைவு ஒருமுறை நிகழ்ந்ததா, நிகழ்ந்துகொண்டே இருந்ததா என்பதை அம்மொழியின் வினை தன் வடிவத்திலேயே கேட்டுவிடுகிறது. விடை சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. தமிழில் இதே வேலையைத் துணைவினைகள் செய்கின்றன. தயங்கினாள், தயங்கி நின்றாள், தயங்கிக்கொண்டே இருந்தாள், ஒருகணம் ஆடிப்போனாள் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு பெண்களைப் பற்றியவை. நம் அறிக்கைகளில் நால்வரும் ஒருத்தியாகிவிடுகிறாள்.

ருஷ்ய மொழியில் இன்னும் ஒரு வழக்கு உண்டு. நம் கவனத்தை முழுவதும் கேட்பது அதுதான். ஒரு மனிதன் தள்ளாடி நடந்தான் என்பதை 'ஓன் ஷதால்ஸா' என்று சொல்லலாம். அவன் தள்ளாடினான் என்பது பொருள். 'யெவோ ஷதாலொ' என்றும் சொல்லலாம். இரண்டாவது வாக்கியத்தில் எழுவாயே இல்லை. அந்த மனிதன் செயப்படுபொருளாக நிற்கிறான். 'அவனைத் தள்ளாட்டியது' என்பதே சொல்லமைப்பு. எது தள்ளாட்டியது? பசி, காய்ச்சல், களைப்பு, கப்பலின் தளம் ஆகியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'அவன் ஸ்டாகர் செய்தான்' என்று ஒரே மாதிரியாக எழுதப்பட்டதை ருஷ்ய மொழிக்குக் கொண்டுவருபவர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். குடித்துவிட்டு ஆடினானா, அல்லது அவனை ஏதோ ஒன்று ஆட்டியதா என்று தீர்மானிக்காமல் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. அத்தேர்வு இலக்கணத் தேர்வு மட்டுமன்று. குற்றம் யாருடையது என்ற தீர்ப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

(கப்பலின் ஆட்டத்தைச் சொல்லும்போது ஒன்றை நினைவுகூரலாம். அந்தோன் செகோவ் சகலீன் தீவின் சிறைக் குடியிருப்புகளைக் கண்டு திரும்பும் வழியில் 1890ஆம் ஆண்டு நவம்பரில் கொழும்பில் இறங்கிக் கண்டிவரை சென்று வந்தார். கப்பலில் நோயுற்று மடியும் படைவீரன் கூஸெவின் கதைக்குக் கொழும்பின் பெயரையும் நாளையும் இட்டே வெளியிட்டார். கடல் ஆட்டத்துக்கு அம்மொழியில் வழங்கும் காச்கா என்னும் சொல்லை அறிந்தவர்கள் அக்கதையைப் படிக்கும்போது, சாகும் மனிதன் ஆடவில்லை, அவன் படுத்திருக்கும் உலகமே ஆடுகிறது என்பதை உணர்வர். இலங்கையைச் சொர்க்கமென்று அவர் புகழ்ந்ததை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் சுற்றுலாக்காரர்கள் இக்கதையைப் படித்ததாகத் தெரியவில்லை.)

ருஷ்யனுக்கு உள்ள இவ்வசதி தமிழனுக்கு இல்லையா? தாராளமாக உண்டு. ஏட்டுத் தமிழில் தேடவேண்டியதில்லை. மலையில் வேலை செய்யும் எந்தப் பெண்ணின் பேச்சிலும் கேட்கலாம். கூடையின் கயிறு நெற்றியை அறுக்க, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, மழையில் நனைந்த சரிவில் ஏறும் ஒருத்தி 'நான் தடுமாறுகிறேன்' என்று சொல்வதில்லை. 'கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது' என்கிறாள். 'எனக்குத் தலை சுற்றுகிறது' என்கிறாள். 'காலைப் பின்னுகிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'தரை வழுக்குகிறது' என்கிறாள். இவ்வாக்கியங்கள் ஒன்றிலேனும் அவள் எழுவாயாக இல்லை. அவளுக்கு நேர்கிறது, அவளை ஏதோ செய்கிறது. 'யெவோ ஷதாலொ' என்னும் ருஷ்ய அமைப்பின் உடன்பிறப்பு நம் தேயிலை மலையில் நாள்தோறும் பேசப்பட்டு வருகிறது. அதே பெண் அன்று கொழுந்து குறைவாக எடுத்து, அதனால் முழுப்பேர் கிடைக்காமல் அரைப்பேருடன் திரும்பினால், அவளைப் பற்றி எழுதப்படும் குறிப்பு ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது 'வேலையில் தடுமாற்றம்' ஆகியிருக்கும். எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு எழுவாய் கொடுத்தாயிற்று. அந்த எழுவாயின் தலையிலேயே பழியையும் வைத்தாயிற்று!

இது புதிதாக ஏற்பட்ட கோளாறன்று. தோட்டத்தில் இரு மொழிகள் சந்தித்த முறையே அப்படிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரைமார் தமிழ் பயில்வதற்கென அச்சிட்டு வழங்கிய கைந்நூலொன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். பெயரே ஏவல் வினை. 1915இல் கொழும்பில் வெளிவந்த மற்றொரு நூல் 'கூலித் தமிழ்' என்று தன் மாணவனையன்றித் தன் ஆசிரியனை இழிவுபடுத்தும் பெயரைத் தாங்கி நின்றது. ஏவுவதற்கு ஒரு மொழியும், ஏவப்பட்டவனைப் பற்றி எழுதுவதற்கு மற்றொரு மொழியும் என்று தொழில் பிரிக்கப்பட்ட இடத்தில், கீழ்ப்படியாதவனின் காரணத்தைக் கேட்டறிய எந்த மொழியிலும் இடமில்லை. கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போனவனைத் துரைமாரின் ஆங்கிலம் 'போல்ட்டர்' என்றது. வெருண்டு ஓடும் குதிரைக்கு வழங்கும் வினையிலிருந்து வந்த பெயர் அது. அவனைக் கட்டியிருந்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அவனுடைய நிலையின்மையைப் பற்றிய பேச்சு மட்டும் ஒழியவில்லை.

அக்காலத்து ஹட்டனிலேயே இதற்கு எதிர்க்குரல் எழுந்தது என்பதை இவ்வூர் ஆசிரிய நண்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்; 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவர் தொழிலாளருக்கென எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயர் 'நீ மயங்குவதேன்?' என்பதாகும். தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நம் வாதத்துக்குப் போதும். அவர் 'தயங்குவதேன்' என்று எழுதவில்லை. மயக்கம் என்றால் மயக்குபவன் உண்டு. அவன் கங்காணியாகவோ துரையாகவோ தவறணைக்காரனாகவோ இருக்கலாம். எவனாயினும் அவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். மேலும் அவர் தொழிலாளரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் முறையிடவில்லை. 'நீ' என்று அவர்களையே விளித்துக் கேட்டார். இன்றைய அறிக்கைத் தமிழில் தொழிலாளர் என்றும் படர்க்கையிலேயே நிற்கின்றனர்.

சொல் அரசியலானதற்குக் குடியுரிமை வரலாற்றைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு 'இடையறா வதிவு' வேண்டுமென்றது. ஊருக்குப் போய்த் தாயின் சாவில் நின்று திரும்பக் காலம் நீண்டுவிட்டால் வதிவு இடையறும். கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடையே போய்வந்த துரையின் வதிவைப் பற்றி எவரும் ஐயுற்றதில்லை; அவன் ஊன்றி நின்றவன். அவனுடைய தேயிலைக்கு மூன்று தலைமுறையாக வேர்மண் அணைத்தவன் நிலையற்றவன். காங்கிரஸ் இச்சட்டத்தை முதலில் பகிஷ்கரித்து, பின்னரே விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு காலம் முடிந்தபோது ஏறத்தாழ 8,25,000 பேருக்கான விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. பல ஆண்டுகள் கழிந்தும் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பகிஷ்கரிப்பு என்பது ஒரு முடிவு. அது சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் அதைத் தயக்கம் என்று எழுதுவது பொய். 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 உயிர்களை எடுத்து, 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, 1,50,000 பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. மக்களை எண்ணி வைத்துவிட்டு, எங்கே போவதென்று முடிவுசெய்யாமல் நிற்பதாக அவர்களையே குறை கூறும் துணிவு அதிகாரத்துக்கு மட்டுமே வரும். பிறந்த லயத்தில் படுத்திருந்தவனைத் தூக்கி ஊசலில் வைத்தது யார்? ஊசல் ஆடுகிறது என்று எழுதியது யார்?

இங்கே நம் சொந்த முற்றத்தையும் பெருக்க வேண்டியிருக்கிறது. இடதுசாரி எழுத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல் 'ஊசலாட்டம்'. லெனினின் எழுத்துகளில் சிறுவுடைமையாளரின் நிலையைச் சுட்டும் கலிபானியெ என்னும் சொல் ஆங்கிலத்தில் வசிலேஷன் என்றும் வேவரிங் என்றும் மாறி, அங்கிருந்து தமிழில் ஊசலாட்டம் ஆயிற்று. நல்ல மொழிபெயர்ப்புத்தான், மூலத்திலுள்ள ஊசலைக் கண்டுபிடித்துத் திரும்பவும் தொங்கவிட்ட மொழிபெயர்ப்பு. மூலத்தில் அது ஒரு வர்க்கம் இரு பெரும் வர்க்கங்களுக்கிடையே நிற்கும் நிலையைக் குறித்தது. தனி மனிதனின் கோழைத்தனத்தைக் குறிக்கவில்லை. அச்சொல்லை எடுத்துத் தோட்டத் தொழிலாளரின் நெற்றியில் ஒட்டிய தோழர்கள் இருந்தார்கள். இன்றும் இல்லாமற் போகவில்லை. 'பின்தங்கிய உணர்வு', 'ஊசலாடும் மனப்பான்மை' என்று கூட்டங்களில் பேசுவது எளிது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு வீழ்ந்தபோது ஊசல் எந்தப் பக்கம் இருந்தது? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் அமைச்சரவையில் அமர்ந்து, ஐந்து மாதத்துக்குள் கையெழுத்தான ஒப்பந்தத்தின்போது அங்கேயே அமர்ந்திருந்ததே, அதற்குத் தமிழில் என்ன சொல்? லெனினின் சொல் அவ்விடத்துக்குத்தான் பொருந்தும். அதை உரிய இடத்தில் வழங்க அஞ்சுவோர் பிறர்மேல் வழங்கக் கூடாது.

கூலிப் பேச்சிலும் இதே கதை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று அறிவித்தார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. முக்கால் பங்கு நாள்களுக்குக் குறையாமல் வேலைக்கு வந்தால்தான் வரவுப்பணம். தொழிலாளரின் 'ஒழுங்கற்ற வரவு' என்னும் நிலையாமைக்கு இது மருந்தாம். 2019இல் வரவுப்பணமும் போயிற்று. கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்தில் விலை இன்று ஏறி நாளை இறங்கினால் ஆங்கிலம் அதை ஃப்ளக்சுவேட் என்கிறது. தமிழ் 'ஏற்ற இறக்கம்' என்கிறது. ருஷ்யம் அதே கலிபாத்ஸாவை வழங்குகிறது. விலை தயக்கம் காட்டியது என்று எவரும் எழுதக் காணோம். கொழுந்து குறைந்த காலத்தில் வேலை நாள்களைக் குறைக்கும் கம்பெனியின் வரவைப் பதிய எந்தச் செக்ரோலிலும் பத்தி கிடையாது.

எல்லாவற்றினும் கொடியது மண்சரிவைப் பற்றிய எழுத்து. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. உடனே எழுந்த கேள்வி, 'எச்சரித்தும் ஏன் போகவில்லை?' என்பது. கேள்விக்குள்ளேயே விடையும் வைக்கப்பட்டிருந்தது: தயங்கினார்கள். ஹல்துமுல்லையிலோ ஹட்டனிலோ லயத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்குப் 'போ' என்னும் சொல் எங்கே போய் முடியும் என்று கேட்பார் இல்லை. அறை தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளுக்குச் சொந்தம். வேலை அறையோடு கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைக்காம்பராவும் பாடசாலையும் அங்கேயே இருக்கின்றன. போகச் சொன்னவர் போகும் இடத்தைச் சொல்லவில்லை. உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இரண்டாண்டுகள் கிடந்த பிறகே, 2016இல், புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. மலை விழுந்த பின்னரும் மாற்றிடம் தர இரண்டாண்டு எடுத்தவர்கள், மலை விழுமுன் தம் காலால் நடந்து போகாதவர்களின் தயக்கத்தைப் பற்றி எழுதுகிறார்கள்! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு மாவட்டங்களைக் குதறிய பின்னரும் இதே கேள்வியை இதே சொல்லோடு கேட்கச் சிலருக்கு வாய் வந்தது.

காலடி மண் நழுவுகிறது என்று நாம் சொல்வதைப் போலவே ருஷ்யரும் சொல்வர். கால்களுக்கு அடியிலிருந்து நிலம் விலகிப் போகிறது என்பது அவர்கள் வழக்கு. இரு மொழியிலும் அது உவமை. மீரியபெத்தையில் அது உவமையாக இல்லை. நிலம் நகர்ந்துகொண்டிருந்தது, அதன்மேல் நின்றவர்களுக்கு நிற்பதற்கு வேறு நிலம் இல்லாதிருந்தது. அசைந்தது எது, அசையாமல் நின்றது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கிடையாது. 'வெளியேற இடமின்றி நின்றனர்' என்று மூன்று சொற்களில் எழுதியிருக்கலாம். 'தயக்கம் காட்டினர்' என்பது இரண்டே சொல். பத்திரிகையில் இடம் மிச்சம் என்பார்களோ?

'சொல்லை மாற்றினால் சோறு வருமா?' என்று நம்மைக் கேட்கும் நண்பர்கள் உளர். வராது. ஆனால் சோறு கேட்டுப் போகும் மனு எந்தச் சொல்லில் எழுதப்படுகிறதோ அந்தச் சொல்லிலேதான் மறுக்கவும் படுகிறது என்பதை இந்நாட்டின் குடியுரிமை அலுவலகங்களில் நின்றவர் அறிவர். வேறு சிலர் தூய தமிழின் பெயரால் வருவர். தயக்கத்துக்குப் பதில் சங்கச் சொல் ஒன்றைப் புகுத்திவிட்டால் தீர்ந்தது என்பர். துளக்கம் காட்டினர் என்று எழுதினால் மட்டும் குற்றம் நீங்கிவிடுமா? எழுவாயை மாற்றாமல் சொல்லை மாற்றுவது சட்டையை மாற்றுவது போன்றது.

நல்ல முன்மாதிரி நம்மிடமே உண்டு. மார்க்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலை ஆங்கில வழியே தமிழாக்கிய தொ. மு. சி. ரகுநாதனை எண்ணிப் பாருங்கள். அந்நாவலின் இறுதியில் புகைவண்டி நிலையத்தில் மகனின் உரையை அச்சிட்ட தாள்கள் நிறைந்த பெட்டியோடு நிற்கும் அத்தாய், ஒற்றனின் கண் தன்மேல் விழுந்ததும் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒருகணம் எண்ணுகிறாள். பின்னர் அந்த எண்ணத்தையே உதறுகிறாள். அக்கணத்தை நீட்டி எழுதினால் அவள் கோழையாவாள். விட்டுவிட்டால் வெறும் சிலையாவாள். ஒருகணம் என்பதை ஒருகணமாகவே தமிழில் நிறுத்துவதுதான் மொழிபெயர்ப்பாளன் ஏற்கும் பொறுப்பு. மலையகத்திலும் அத்தகைய பணி நடந்தது. வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தம் நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ பாலஐயா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் பிறந்தவன் துரையின் மொழியில் எழுதியதைத் தோட்டத்து மக்களின் மொழிக்குத் திருப்பிய வேலை அது. பின்னாளில் வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கினார். அறிக்கை எழுதுவோரின் மேசையில் அத்தொகுப்பு ஒன்று இருந்தால், கொழுந்துக் கூடைக்கும் பெரட்டுக்களத்துக்கும் இடையே வழங்கும் வினைச்சொற்களைத் தேடி அவர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை.

மாஸ்கோவில் 1960இல் தமிழ்–ருஷ்ய அகராதியும் 1965இல் ருஷ்ய–தமிழ் அகராதியும் வெளிவந்தன. நம் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர், தம் நாட்டு மாணவருக்காக, நம் வினைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து அச்சிட்டனர். ஹட்டனிலோ கொட்டகலையிலோ உள்ள ஓர் உயர்வகுப்பில் ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியர் இருவர், மாணவரைக் கொண்டு, தோட்டத்துப் பேச்சிலுள்ள அசைவுச் சொற்களை ஒரு பருவத்துக்குள் திரட்டிவிட முடியும். எந்தச் சொல் எந்த வேளையில், யாருக்கு நேர்ந்ததாக, எதனால் நேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது என்று நான்கு பத்திகள் போட்டால் போதும். அடுத்து அரசாங்கக் காகிதமொன்று ஆங்கிலத்தில் வரும்போது, தமிழ்ப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குச் சென்று, இந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று கேட்க அந்த மாணவர்களால் இயலும். பட்டியலின் முதல் வரியாகக் 'கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது' என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். நான்காம் பத்தியை அந்தந்தத் தோட்டத்தார் நிரப்பட்டும்.